குழிமேட்டு எழுத்தம்மா

எழுத்தம்மா குடை பிடிக்க மாட்டாள். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே, நிழல் என்று ஒதுங்க ஒரு கருவேல மரம்கூட ஒழுங்காக நிற்காத பொட்டல் அது. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். கம்பெனியில் அவளுக்கென்று கொடுத்த தாழங்குடை பக்கத்தில் சும்மா சாய்ந்து கிடக்கும். "எடுத்துப் பிடிச்சா கை தேஞ்சா போயிரும்?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். "குடை மறைச்ச பக்கம் போற கூடைய யாரு பாப்பா, ஒங்கப்பனா?" என்பாள். 

நான் அவளை அவர், இவர் என்று சொல்லப்போவதில்லை. மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. முட்டி மோதிச் சண்டை போட்ட ஆளை அவர் என்று சொல்ல நாக்கு வரவில்லை, அவ்வளவுதான். அவளுக்கு மாதாகோயிலில் வைத்த பேர் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரப் பெண்பிள்ளைப் பேர், எங்கள் வாயில் நுழையாது. எழுதுகிற அம்மாள், அதனால் எழுத்தம்மா. கட்டைகுட்டையான உடம்பு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை, கொண்டையில் செருகிய பென்சில், கையில் மூங்கில் குச்சி. ஊர் வரதராசன்பேட்டை. புருஷன் இருந்தானா, இல்லையா, விட்டுவிட்டுப் போனானா என்று நாங்கள் ஆளுக்கொன்று பேசிக்கொண்டோம். ஒருத்தி துணிந்து கேட்டே விட்டாள், "ஒங்க வூட்டுக்காரரு எங்கம்மா?" என்று. "கணக்குல இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த கூடையைப் பார்த்தாள்.

அந்தப் பூமிக்குள் வெள்ளைக்கல் இருந்தது. நாட்டு வைத்தியர்கள் சிலாசத்து என்பார்கள், கம்பெனிக்காரர்கள் ஜிப்சம் என்பார்கள். மஞ்சள் களிமண்ணுக்குள் தகடு தகடாகப் படுத்திருக்கும். ஆண்கள் கடப்பாரை போட்டுப் பெயர்ப்பார்கள். நாங்கள் பெண்கள் ஒட்டியிருக்கிற களிமண்ணைத் தட்டி உதிர்த்து, கல்லைப் பொறுக்கிக் கூடையில் அள்ளி, சரிவில் ஏறி மேட்டில் கொட்டுவோம். மேட்டிலிருந்து மாட்டுவண்டியில் அரியலூர் ரயிலடி. அங்கிருந்து வேகனில் சிமெண்டு ஆலைக்கு. குழியிலிருந்து எத்தனை கூடை ஏறியது, மேட்டிலிருந்து எத்தனை வண்டி போனது, ரயிலடியில் எவ்வளவு இறங்கியது என்று ஒருத்தர் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத்தான் அவள் வந்தாள்.

வந்த புதிதில் எங்களில் ஒருத்திக்கும் அவளைப் பிடிக்கவில்லை. பிடிக்குமா? கூடை சீக்கிரம் நிறையட்டும் என்று அடியில் களிமண்ணைப் போட்டு மேலே கல்லை அடுக்குவது எல்லாரும் செய்கிறதுதான். எழுத்தம்மா ஒவ்வொரு கூடையையும் இறக்கச் சொல்லி, குச்சியை அடிவரைக்கும் விட்டுக் குத்திப் பார்ப்பாள். குச்சி நுனியில் மஞ்சள் ஒட்டியிருந்தால் தொலைந்தோம்.

"என்ன புள்ள இது? வூட்டுக்கு மொழுவ மண்ணு கொண்டாந்தியா? எடுத்துக்கிட்டுப் போ."

"ஒரு கைதாங்க எழுத்தம்மா. எழுதிக்கங்க."

"கல்லுன்னு எழுதணுமா, மண்ணுன்னு எழுதணுமா? மண்ணுக்கு எங்கிட்ட பக்கம் இல்ல."

அவ்வளவு தூரம் ஏறின கூடையைத் திரும்ப இறக்கிக்கொண்டு போகும்போது நான் அவள் வம்சத்தையே வைதிருக்கிறேன். காதில் விழட்டும் என்றுதான் வைவேன். அவளுக்கு விழும். விழுந்தாலும் குச்சியைத் துடைத்துக்கொண்டு அடுத்தவளைக் கூப்பிடுவாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்களிடம் காட்டிய அந்தக் குச்சியை அவள் மேலே இருக்கிறவர்களிடமும் காட்டினாள். ஒரு நாள் மானேஜர் வந்து, போன வண்டிகள் எல்லாம் ரயிலடி சேர்ந்துவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். ஒரு வண்டி அச்சு முறிந்து அரியலூர்ப் பாதையில் குடைசாய்ந்து கிடப்பதாக வண்டிக்காரன் ஒருவன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். "நாளைக்கு எப்படியும் சேர்ந்துரும், இன்னைக்கே எழுதினா என்ன கெட்டுப்போச்சு?" என்றார் மானேஜர். நல்ல மனுஷன்தான். மேலிடத்துக்குப் பயந்தவர்.

"நான் பாக்கலீங்க" என்றாள்.

"வண்டிக்காரன் பொய்யா சொல்றான்?"

"மெய்தான் சொல்றான். அச்சு முறிஞ்சதத்தான் சொல்றான். சேந்துச்சுன்னு அவனும் சொல்லலீங்களே."

மறுநாள் விடிந்ததும் கையில் ஒரு சோற்றுத் தூக்கோடு அந்த இடத்துக்கு நடந்தே போய், சாய்ந்து கிடந்த கல் குவியல் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வேறு வண்டி வந்து, கல் ஏறி, வண்டியோடு அவளும் அரியலூர் போய் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் எழுதினாள். அன்றைக்கு முழுக்க எங்கள் குழியில் கணக்கெழுத ஆளில்லை. மானேஜர் தலையில் அடித்துக்கொண்டார். திமிர் பிடித்த பொம்பளை என்று நாங்கள் பேசிக்கொண்டோம். பேச்சில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

அவளுக்கு முன்னால் ஒரு கணக்கப்பிள்ளை இருந்தார். பட்டாளத்து ஸ்டோரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் காலத்து வழக்கம் என்னவென்றால், கூடை பெண்பிள்ளை தலையில் ஏறும், கணக்கு ஆம்பிளை பேரில் ஏறும். கொட்டும்போது "யார் கணக்கு?" என்று கேட்பார். புருஷன் பேரை எந்தப் பெண் வாயைத் திறந்து சொல்வாள்? சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்றல்லவா எங்களை வளர்த்திருந்தார்கள்? அதனால் ஜாடை காட்டுவோம். ஒருத்தி ஆகாயத்தைக் காட்டுவாள். சூரியனா சந்திரனா என்று கணக்கப்பிள்ளை அண்ணாந்து பார்ப்பார். பகலில் சூரியன்தானே தெரியும்? சந்திரன் பொண்டாட்டி சுமந்ததெல்லாம் சூரியமூர்த்தி கணக்கில் ஏறிவிடும்.

என் கதை அதைவிட அழகு. என் புருஷன் பேரை நானாக இப்போதும் சொல்ல மாட்டேன், மற்றவர்கள் சொன்னதைச் சொன்னால்தான் உண்டு. முருகன் கோவணத்தோடு மலைமேல் நிற்கிற ஊர்ப் பேர். "முருகன் ஊருங்க" என்று நான் சொல்ல, அவர் சாமிமலை என்று எழுதிக்கொண்டார். சாமிமலை என்று பக்கத்துக் குழியில் ஒருவன் இருந்தான். அவன் பாட்டுக்கு வண்டி நிழலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, என் கழுத்து நோவுக்குக் கூலி வாங்கித் தின்றிருக்கிறான். கண்டுபிடித்துக் கேட்டபோது, "நானும் முருகன் ஊருதானே" என்று பல்லைக் காட்டினான். பாவி. அதற்குப் பிறகுதான் கணக்கு சரியான பேருக்கு மாறியது.

எழுத்தம்மா வந்த அன்றைக்குப் பாதிப் பொழுது இந்தக் கூத்தைப் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு எழுந்து நின்று கத்தினாள்.

"போதும், நிறுத்துங்கடி! இது என்ன விடுகதை போடற எடமா? யாரு தலையில கூடை வந்துச்சோ அவ பேரச் சொல்லு. ஒம்பேரச் சொன்னா ஒம் புருசனுக்கு ஒண்ணும் கொறையாது."

மேஸ்திரிகள் கூட்டமாக வந்துவிட்டார்கள். பெண்கள் பேரில் கணக்கா, அப்புறம் குடும்பத்தில் எவன் மதிப்பான் என்று ஒரே சத்தம். மானேஜர் எப்போதும் போல, பழைய வழக்கப்படியே இருக்கட்டும் என்றார். "சரிங்க" என்றாள் எழுத்தம்மா. "அப்ப இந்தப் பேருக்கெல்லாம் ஆள எங்கண்ணு முன்னால கொண்டாந்து நிறுத்துங்க. பாக்காத ஆளு பேர நான் எழுத மாட்டேன்."

கல்லைப் பெயர்க்கிற ஆம்பிளைகள் சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றார்கள். நின்றவர்கள் பேர் அப்போதைக்கு அப்படியே இருக்கட்டும் என்று விட்டாள். என் புருஷன் மட்டும் வரவில்லை. எப்படி வருவார்? அவர் பர்மாவில் இருந்தார்.

பெண் குழந்தை தவழ்ந்துகொண்டிருக்கும்போது ரங்கூன் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனவர். குண்டு விழுந்தது என்றார்கள், ஊரே ஓடுகிறது என்றார்கள். கடுதாசி நின்றுபோனது. எங்கள் குழிக்கு மேஸ்திரி என் புருஷனின் அண்ணன்தான். தம்பி பேரை அவர் கணக்கிலிருந்து எடுக்கவே இல்லை. யுத்த காலம், கடையில் தானியம் கிடையாது. கணக்கில் பேர் இருக்கிறவர்களுக்குக் கம்பெனியே சந்தை நாளில் சோளம் அளந்தது. பேர் இருந்தால் சோளம், இல்லாவிட்டால் பட்டினி. நான் சுமப்பேன், பர்மாவில் இருக்கிற என் புருஷன் பேரில் ஏறும், அந்தச் சோளத்தை மேஸ்திரி வாங்கிக்கொண்டு போவார். அவர் பொண்டாட்டி, என் ஓரகத்தி, வாசலில் வைத்து எனக்குப் பாதிப் படி அளப்பாள். அளந்ததையும் கையால் தட்டிவிட்டு, "ஒனக்கும் ஒம்மவளுக்கும் இது காணும்" என்பாள்.

இவ்வளவும் தெரிந்துதான் சும்மா இருந்தேன். ஏன் என்று கேளுங்கள். சோளம் அளக்கும்போது கணக்கப்பிள்ளை பேர்களை உரக்க வாசிப்பார். அந்தப் பேரைக் கேட்கும்போது எனக்குக் குளிர்ந்துபோகும். மனுஷன் பக்கத்துக் குழியில்தான் இருக்கிறார், பொழுது சாய்ந்தால் வந்துவிடுவார் என்பது போல இருக்கும். உலகத்தில் அவர் பேரைச் சத்தம் போட்டுச் சொல்கிற இடம் எனக்கு அது ஒன்றுதான் இருந்தது.

எழுத்தம்மா வரிசையைப் பார்த்தாள். "பழனி யாரு? முன்னால வா." யாரும் வரவில்லை. மேஸ்திரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "என் தம்பிதாம்மா. பர்மாவுல இருக்கான். வந்துருவான்" என்றார்.

"வந்தப்புறம் எழுதிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அந்தப் பேரின்மேல் ஒரு கோடு இழுத்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. கூடையை அவள் காலடியில் வீசி எறிந்தேன். "அவரு பேர அடிக்க நீ யாருடி? எந்த ஊரு எமன்டி நீ? ஒனக்குப் புருசன் இல்லேன்னா எனக்கும் இருக்கக் கூடாதா?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். அச்சில் போட முடியாது.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "நான் அவனக் கொல்லல புள்ள" என்றாள். "அவன் இங்க கல்லு சொமக்கலன்னுதான் கோடு போட்டேன். சொமந்தது நீ. ஒம்பேரச் சொல்லு, எழுதிக்கிறேன்."

சொல்லவில்லை. மேஸ்திரி பார்த்துக்கொண்டிருந்தார். அது மட்டும் இல்லை. என் பேரை எழுதினால் அவர் போனதை நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பயம். கூடையை எடுத்துக்கொண்டு மறுபடி குழிக்குள் இறங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் கொண்டுவந்த கல்லை அவள் பெரிய குவியலில் கொட்ட விடவில்லை. "பேரில்லாத கல்லு, அங்குட்டுப் போடு" என்று குச்சியால் தனியாக ஓர் இடத்தைக் காட்டினாள். நானும் விடவில்லை. எத்தனை நாளைக்கு என்று பார்க்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சுமந்து சுமந்து அங்கேயே கொட்டினேன். வெயிலில் பளபளவென்று தனியாக வளர்ந்தது அது. சந்தை நாள் வந்தது, எனக்குச் சோளம் இல்லை. மேஸ்திரி வந்து, "என் பேருல எழுதச் சொல்லு புள்ள, நான் பாத்துக்கறேன்" என்றார். அதையும் எழுத்தம்மாவிடம் போய்ச் சொன்னேன், வெட்கம் கெட்டு. "மேஸ்திரி சொமந்தாரா?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

குழந்தைக்கு ஆவாரங்கொழுந்தை வேகவைத்துக் கொடுத்தேன். ஓரகத்தி வாசலுக்குப் போய் நின்றேன். "கணக்குல பேரில்லாதவங்களுக்கு எங்கேருந்து அளக்கறது?" என்று அவள் கதவைச் சாத்தினாள். சாத்தின கதவைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என் கல்லைத் தின்று கொழுத்த கதவு அது.

அப்புறம் ஒரு நாள் அரியலூரில் வேகன் வந்து நிற்கிறது, ஒரு வண்டிக் கல் குறைகிறது என்று ஆள் ஓடிவந்தான். மேட்டில் பெரிய குவியல் காலியாகிவிட்டது. மானேஜருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் குவியலைக் காட்டி, "அதை ஏத்துங்கடா" என்றார். வண்டிக்காரன் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தான். எழுத்தம்மா எழுந்துபோய் வண்டிக்கும் கல்லுக்கும் நடுவே நின்றாள்.

"இது எங்கேருந்து வந்துச்சுன்னு எங்கிட்ட எழுத்து இல்லீங்க. உள்ள வராத கல்லு எப்படி வெளிய போவும்?"

"என்னம்மா வெளையாடுறியா? வேகன் நிக்குது! யாரு கொண்டாந்து கொட்டினதுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்!"

"அப்ப எல்லாரும் வாயத் தொறந்து சொல்லட்டும். எழுதறேன், ஏத்திக்கிட்டுப் போங்க."

"ஒன்ன வேலைய வுட்டே அனுப்பிருவேன்!"

"அனுப்புங்க. அனுப்புற வரைக்கும் இந்தக் கல்லு ஏறாது."

குழியில் கடப்பாரைச் சத்தம் நின்றுபோனது.  எல்லாருக்கும் தெரியும், ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. மேஸ்திரிக்குப் பயம். மேஸ்திரி என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் கல்யாணமான நாளிலிருந்து தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். அன்றைக்கு எனக்கு அந்தச் சாத்தின கதவு ஞாபகத்துக்கு வந்தது.

"அஞ்சலை" என்றேன்.

"கேக்கல" என்றாள் எழுத்தம்மா. கேட்டிருக்கும் அவளுக்கு. பாம்புக்காது.

"அஞ்சலை! நாந்தான் சொமந்தேன்! அஞ்சலை! எழுதிக்கங்க!"

அவள் குனிந்து எழுதினாள். அப்புறம் வண்டிக்கு வழிவிட்டு விலகினாள். என் பேரை நானே அவ்வளவு சத்தமாகச் சொல்லி அதற்கு முன்னால் கேட்டதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வேறு யார் சொல்லியும் கேட்டதில்லை. பழனி பொண்டாட்டி, பாப்பா ஆத்தா, ஏ புள்ள, இந்தாடி. இவ்வளவுதான் நான்.

எனக்குப் பின்னால் நின்ற சந்திரன் பொண்டாட்டி கூடையைத் தொப்பென்று இறக்கி, "எம்பேரு மருதாயி. இனிமே ஆகாசத்தக் காட்ட மாட்டேன்" என்றாள். குழியே சிரித்துவிட்டது. மானேஜரும் சிரித்தார், வண்டி கிளம்பிவிட்டதே! ஒருத்தி பின்னால் ஒருத்தியாகப் பேர்கள் வந்தன. அன்று சாயங்காலம் எழுத்தம்மா எங்கள் பேர்களை ஒவ்வொன்றாக வாசித்தபோது, ஆம்பிளைகள் யாரோ தங்களை வைகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். அந்தச் சந்தையில் என் மடியில் என் சோளம் இருந்தது.

இதற்காக அவள் எங்களுக்குச் சலுகை காட்டினாள் என்று நினைத்துவிடாதீர்கள். மருதாயி நிறைமாதமாக இருந்தபோது, சுமக்க முடியாமல், சும்மா ஒரு கோடு சேர்த்துப் போடச் சொல்லிக் கெஞ்சினாள். எழுத்தம்மா முடியாது என்றாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தானே குழியில் இறங்கி மருதாயி கூடையைத் தூக்கிவந்து கொட்டி, கணக்கில் தன் பேரை எழுதிக்கொண்டாள். "சொமந்த கூலிய ஒங்கையில குடுத்தர்றேன். எழுத்துல மட்டும் நீ வரமுடியாது" என்றாள். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். என்ன ஜன்மமோ அது.

மேஸ்திரி சும்மா இருக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு நடுப்பகலில், நான் சரிவில் கூடையோடு ஏறிக்கொண்டிருக்கும்போது, மேட்டின் மேல் எங்கள் உறவுக்காரர்கள் கூட்டமாக நிற்பதைப் பார்த்தேன். அழுகைச் சத்தம் கேட்டது. மேஸ்திரி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார். தம்பி செத்துப்போனான் என்று சொன்னார். பர்மாவிலிருந்து நடந்தே வந்த ஆள் குன்னத்தில் இருக்கிறான், அவன் சொல்லிவிட்டான், இனி இவள் குழிக்கு வரக்கூடாது, தாலியை வாங்கிவிட்டு மூலையில் உட்கார வைக்க வேண்டும் என்றார். உயிரோடு இருப்பதாகச் சொல்லித் தம்பி பேரில் சோளம் வாங்கின அதே வாய். என்னை மூலையில் உட்கார வைத்துவிட்டால் அஞ்சலை என்ற பேர் கணக்கிலிருந்து தானாக விழுந்துவிடும் அல்லவா? அந்த யோசனைதான்.

பாதிச் சரிவில் எனக்குக் கால் நின்றுவிட்டது. தலையில் கூடை, இரண்டு கையும் கூடையில். கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை.

"எவன் பாத்தான்?" என்று எழுத்தம்மா குரல் கேட்டது.

குன்னத்துக்காரனைக் கூட்டிக்கொண்டுதான் வந்திருந்தார்கள். எலும்பும் தோலுமாக, கால் வீங்கி, பார்க்கவே பாவமாக இருந்தான். எழுத்தம்மா அவனைத் தான் உட்காருகிற கல்லில் உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். "பழனிய நீ பாத்தியாப்பா?" என்று கேட்டாள். அவளுக்கு அவ்வளவு மெதுவாகப் பேசத் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவன் மேஸ்திரியைப் பார்த்தான், அப்புறம் தரையைப் பார்த்தான். "ரங்கூன்ல பாத்திருக்கேங்க. வர்ற பாதையில பாக்கலீங்க. காட்டுல கொத்துக் கொத்தா செத்துக் கெடந்தாங்க. அவனும் வந்து சேரலேன்னா, அப்ப செத்துத்தானுங்களே போயிருக்கணும்?"

"அது நீ நெனைக்கறது. பாத்தது என்ன?"

"அவனப் பாக்கலீங்க."

எழுத்தம்மா மேஸ்திரி பக்கம் திரும்பினாள். "கேட்டீரா? கூட்டிக்கிட்டுப் போம். அவ வேலையில இருக்கா."

"இது எங்க குடும்ப விசயம். கல்லு எண்ண வந்தவளுக்கு இங்க என்ன பேச்சு?"

"அவன் செத்தான்னு நான் எழுத மாட்டேன். உசுரோட இருக்கான்னும் எழுத மாட்டேன். ரெண்டையும் நான் பாக்கல." இதைச் சொல்லும்போது அவள் என்னைத்தான் பார்த்தாள்.

அந்த இரண்டாவது பேச்சு எனக்கு எப்படி வலித்தது என்று சொல்ல முடியாது. இருக்கிறான் என்று ஒரு வார்த்தை, பொய்யாகவாவது சொல்லியிருக்கலாமே! சொல்ல மாட்டாள். ஆனால் அவள் சொல்லாததனால்தான் அந்த முதல் பேச்சை நான் நம்பினேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் என்னைத் தேற்றுவதற்குச் சொல்கிறார்கள் என்று நினைத்திருப்பேன்.

என் புருஷனுக்குச் சித்தி முறை ஆகிற கிழவி ஒருத்தி அழுதுகொண்டே இறங்கி வந்து என் கழுத்துக்குக் கையை நீட்டினாள். என் இரண்டு கையும் மேலே இருந்தது. கூடையைப் போட்டால் கையால் தடுக்கலாம். போடவில்லை. இவ்வளவு தூரம் ஏறின கூடையை எதற்குப் போட வேண்டும்?

"தொடாத சின்னாத்தா" என்றேன். "பாத்தவங்க வரட்டும். அன்னைக்கி நானே கழட்டித் தர்றேன்." கிழவி கையை இழுத்துக்கொண்டாள்.

மேஸ்திரி பாதையை அடைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். "ஒதுங்குங்க மாமா. கல்லு கனக்குது."

அவர் அசையவில்லை. நான் நிற்கவில்லை. கூடை விளிம்பு அவர் நெற்றிக்கு நேராக வந்ததும் ஒதுங்கினார். மேட்டில் ஏறி, "அஞ்சலை" என்று சொல்லி இறக்கினேன். எழுத்தம்மா அன்றைக்கும் குச்சியை அடிவரைக்கும் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கோடு போட்டாள். கும்பல் கொஞ்ச நேரம் நின்றது, வெயில் தாங்காமல் கலைந்து போனது.

யுத்தம் முடிந்த பிறகு அந்தக் குழிகளில் கல் வற்றிப்போனது. கம்பெனி வேறு பக்கம் போனது. எழுத்தம்மா தஞ்சாவூர்ப் பக்கம் ஏதோ மடத்துக்குக் கணக்கெழுதப் போவதாகச் சொல்லிவிட்டுப் பெரம்பலூர் ரோட்டில் பஸ் ஏறினாள். "போயிட்டு வரேன் அஞ்சல" என்று பேர் சொல்லித்தான் சொன்னாள். என் புருஷன் வரவில்லை. பார்த்தவர்களும் வரவில்லை. என் மகள் கல்யாணத்தில் நான் மஞ்சளும் குங்குமமுமாக முன்னால் நின்றேன். முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். பேசட்டும்.

போன வருஷம் ஏலாக்குறிச்சித் திருவிழாவுக்கு வந்த வரதராசன்பேட்டைக்காரர் ஒருவர் எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்டு நின்றார். பேச்சுவாக்கில் எழுத்தம்மாவை விசாரித்தேன். "அந்த அம்மாவா? அவங்க போயிச் சேந்து வருசக்கணக்காச்சே!" என்றார்.

 சொம்பை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. கேள்விப்பட்டதுதான்."

"அப்ப போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.